பிப்ரவரி தாண்டும் ஆள்

குழந்தைகள் மேசையில் முழங்காலை வைக்க இடம் இருக்காது. சீட்டாடுவதற்கு வாங்கிய மடக்கு மேசை அது. நவம்பர் கடைசியில் குடும்பமாகக் கூடி விருந்து சாப்பிடும் நன்றி கூறும் நாளன்று என் அண்ணன் ரோலண்ட் அதைச் சமையலறை வாசலில் விரித்து, மேலே வான்கோழிப் படம் போட்ட காகித விரிப்பைப் போடுவான். நாலு வருடம் தொடர்ந்து நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனுடைய சின்ன மகள் என் தட்டிலிருக்கும் சோளத்தை எடுத்துத் தரையில் போடுவாள். நான் குனிந்து பொறுக்குவேன். பெரிய மேசையில் சிரிப்பார்கள். எனக்கு முப்பத்தேழு வயது.

ஏன் செய்தாய் என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்டீர்கள். அதனால்தான் மேசையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஆறு பேர் சேர்ந்து கற்பனை அணி ஆடுகிறோம். கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை நவம்பர் தொடக்கத்தில் பல சுற்றுகளாக, ஆளுக்கு ஒருவராக முறைவைத்து எடுத்துக்கொள்வோம். நிஜ ஆட்டத்தில் அவர்கள் போடும் புள்ளிகள் எங்கள் கணக்கில் சேரும். ஆட்டக்காலம் முடியும்போது கடைசியில் இருப்பவர் அடுத்த நன்றி கூறும் நாளில் குழந்தைகளோடு உட்கார வேண்டும். பணம் வைத்து ஆடுவதில்லை. கல்லூரி அணியில் வேலை செய்பவர்கள் பணம் வைத்து ஆடக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் விதிகளை மீறுகிறவள் அல்ல.

முதல் நாலு வருடமும் நான் சிறந்த ஆட்டக்காரர்களைத்தான் எடுத்தேன். அது தவறு. சிறந்த ஆட்டக்காரன் சிறந்த அணியில் இருப்பான். அந்த அணி இடைவேளைக்குள் முப்பது புள்ளி முன்னால் போய்விடும். கோச் அவனை உட்கார வைத்துத் தோளில் துண்டைப் போட்டுவிடுவார். உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவன் மதிப்பு சுழியம்.

மோசமான அணியின் ஒரே நல்ல ஆட்டக்காரனைத்தான் எடுக்க வேண்டும். பந்து போவதற்கு வேறு கை கிடையாது. தோற்றாலும் அவன்தான் எறிவான். கோச்சால் அவனை வெளியே எடுக்கவும் முடியாது. முதலாண்டு மாணவர்களைத் தொடக் கூடாது. குளிர்காலத் தேர்வு வந்தால் அவர்கள் கால் தளர்ந்துவிடும். இன்னொன்று, நம் ஊர் அணி மேல் இருக்கும் பாசத்தை வாசலிலேயே கழற்றிவைக்க வேண்டும். இந்தியானாவில் இதை யாராலும் செய்ய முடியாது. ரோலண்ட் எப்போதும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிவப்புச் சட்டைப் பையன்களைத்தான் எடுப்பான். அவர்களில் ஒருவன் காலொடிந்து கிடந்தாலும் எடுப்பான். மற்றவர்களும் அப்படித்தான். அந்தப் பையன்கள் நன்றாக ஆடிய வருடங்களில் அவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது வருடம் ஒரு விஷயம் புரிந்தது. நான் வேலை பார்க்கும் கல்லூரியின் அணி மோசமான அணி. அதில் ஒரே ஒரு நல்ல ஆட்டக்காரன் இருந்தான். கோல்பி ரெய்னர். மூன்றாம் ஆண்டு மாணவன். அவன் ஆடலாமா, உட்கார வேண்டுமா என்று கோச்சிடம் சொல்வது என் வேலை. நான் அந்த அணியின் காயப் பராமரிப்பாளர். டாக்டர் அல்ல. பையன்கள்தான் கேலியும் பிரியமுமாக டாக்டரம்மா என்பார்கள்.

ஆள் எடுக்கும் நாளன்று ரோலண்டின் டயர் கடைப் பின்னறையில் கூடினோம். பன்றி இறைச்சி வறுவல் வைத்த பெரிய ரொட்டிகளை அவன் மனைவி ட்ரூடி வாங்கி வந்திருந்தாள். என் முறை வந்தது.

"கோல்பி ரெய்னர்" என்றேன்.

ரோலண்ட் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தான். "யாரு, உங்க காலேஜ் பையனா? ஏய், இது தர்ம காரியம் இல்லடி."

"நல்லா ஆடுவான்ணா."

"ஆடுவான், ஆடுவான். ஸ்கூல்லயே தலையில அடிபட்டு ஒரு மாசம் இருட்டு ரூம்ல கிடந்தவன். கூடையப் பாத்தா ஆடு மாதிரி முட்டிக்கிட்டுப் போவான். அவன் பிப்ரவரி தாண்ட மாட்டான். நீ வேணா பாரு."

"விடுங்க, பாவம்" என்றாள் ட்ரூடி. "அவளுக்கு நம்ம புள்ளைங்களோட உக்காந்து சாப்பிடத்தான் புடிச்சிருக்கு."

"டாக்டராகப் போறேன்னு கெளம்பிப் போனா. இப்போ பசங்க கணுக்கால்ல கட்டு சுத்திக்கிட்டு இருக்கா. இவளுக்கு எங்க ஆள் பாக்கத் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரொட்டி நன்றாக இருந்தது.

நவம்பரிலும் டிசம்பரிலும் கோல்பி நான் நினைத்ததை விட நன்றாக ஆடினான். எங்கள் அணி தோற்றுக்கொண்டே இருந்தது, நான் ஏறிக்கொண்டே இருந்தேன். ஜனவரியில் ஒஹாயோவில் ஓர் ஆட்டம். எதிரணி ஆள் ஒருவனின் முழங்கை கோல்பியின் நெற்றிப் பொட்டில் பட்டது. விழுந்தான், எழுந்தான், தவறான பக்கம் ஓடினான். கோச் அவனை வெளியே எடுத்தார். திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

"டாக்டரம்மா, அந்த லைட்ட கொஞ்சம் அணைக்கச் சொல்றீங்களா?"

எங்கள் தலைக்கு மேல் விளக்கு எதுவும் எரியவில்லை. எதிரில் வந்த வண்டிகளின் வெளிச்சம் அது. என் குளிர்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அக்கறை இல்லாதவள் அப்படிச் செய்வாளா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தலையில் அடிபட்டவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆட்டக்காலம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பையனையும் கணினி முன் உட்கார வைத்து ஒரு தேர்வு வைப்போம். சொற்களை நினைவில் வைக்க வேண்டும், வடிவங்கள் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். பையன்கள் அதைத் தலை டெஸ்ட் என்பார்கள். நல்ல நிலையில் அவன் தலை எப்படி வேலை செய்கிறது என்பதற்கான அளவு அது. பிறகு அடிபட்டால் அதே தேர்வை மறுபடி வைத்து, பழைய அளவோடு ஒப்பிடுவோம். குறைந்திருந்தால் ஆடக் கூடாது. சமமாக இருந்தால் ஆடலாம்.

கோல்பிக்கு மறுபடி வைத்தேன். சமமாக இருந்தது.

வாரத்துக்கு ஒரு நாள் வரும் டாக்டர் எம்ரிக் இரண்டையும் பார்த்தார். "ரெண்டுமே கொஞ்சம் கம்மிதான். ஆனா ஒண்ணுக்கொண்ணு மாறவே இல்லையே, மார்லிஸ்."

"படிப்புல சுமார்தான் டாக்டர். ஆனா உடம்பு தாங்கும்."

"தலைவலி, மயக்கம்னு ஏதாவது சொல்றானா?"

"எதுவும் சொல்லல."

"நீ தினமும் பாக்குறவ. நீ சொன்னா சரிதான்." கையெழுத்துப் போட்டார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் தன் முன்னால் இருந்த எண்களைப் பார்த்தார்.

அடுத்த ஆட்டத்திலேயே கோல்பி இறங்கினான். சில நாட்கள் கழித்து, கணுக்காலுக்குக் கட்டுப் போடும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டு ஆட்டம் உக்காந்துக்கட்டுமா? நீங்க சொன்னா கோச் கேப்பாரு."

"டெஸ்ட் நல்லா இருக்கே கோல்பி. நான் அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"இல்ல, ரெண்டு பேர் ஓடி வந்தா எனக்கு மூணு பேர் வர்ற மாதிரி தெரியுது."

"நடுவுல இருக்கறவன விட்டுட்டு ஆடு."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு அவனுக்கு. கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றான்.

அவன் அம்மாவும் ஒரு முறை போனில் பேசினார். தென்பக்கம் ஏதோ ஊரில் பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவர். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"தப்பா நெனச்சுக்காதம்மா. போன்ல ஒரே விஷயத்த ரெண்டு தடவ கேக்குறான். தங்கச்சி பேர சட்டுனு சொல்ல வரல அவனுக்கு. அடிபட்டதுல ஏதாவது இருக்குமோ?"

"தூக்கம் பத்தலம்மா. பயணம், பரீட்சைன்னு அலைச்சல். எல்லாப் பசங்களும் இப்படித்தான் இருக்காங்க."

"நீ பாத்துக்குவேல்ல?"

"தினமும் என் கண்ணு முன்னாடிதான் இருக்கான்."

அது பொய் அல்ல. அவனை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட அடுத்த கேள்விக்கு வருகிறேன். அந்தப் பழைய அளவு எப்படி அவ்வளவு குறைவாக இருந்தது என்று கேட்டீர்கள். செப்டம்பரில் கோல்பிக்கு விஷக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அன்று காலை அவன் அறைக் கதவைத் தட்டி நான்தான் எழுப்பினேன்.

"இன்னைக்கேவா டாக்டரம்மா? கண்ணே தெறக்க முடியல."

"கொஞ்ச நேரந்தான் கோல்பி. முடிச்சிட்டு வந்து படுத்துக்கோ."

போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நடுவில் ஒரு முறை குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தான். தேர்வு முடிந்ததும், அளவு வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருக்கிறது, வேறொரு நாள் மறுபடி வைக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அவனுக்கு இஞ்சி பானம் வாங்கிக் கொடுத்து அறையில் கொண்டுபோய் விட்டேன். அப்போது நான் அவனை இன்னும் எடுக்கக்கூட இல்லை. ஆள் எடுப்பதற்கு இரண்டு மாதம் இருந்தது. ஆனால் நல்ல ஆளை எடுக்க முன்கூட்டியே தயாராக வேண்டும். அவனிடம் இருந்த ஒரே குறை, தலையில் அடிபட்டால் உட்கார வைத்துவிடுவார்கள் என்பது. நான் அந்தக் குறையை நீக்கினேன்.

அவன் மேல் நான் கை வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கை என்னுடையது அல்ல.

உங்களோடு வந்த பெண் நேற்று இன்னொன்று கேட்டார். பிப்ரவரியில் கோல்பியை உட்கார வைத்திருந்தால் நான் கடைசிக்குப் போயிருப்பேனா என்று. நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். நானும் போட்டிருந்தேன். போயிருக்க மாட்டேன். பிப்ரவரி பாதியிலேயே நான் எல்லோருக்கும் மேலே வெகு தூரத்தில் இருந்தேன். சிவப்புச் சட்டைகள் அந்த வருடம் தேறவில்லை. ரோலண்ட் கடைசியில் இருந்தான். அதன் பிறகு கோல்பி ஒரு புள்ளிகூடப் போடாமல் இருந்தாலும் நான் பெரிய மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மேசைக்காகத்தான் என்று ஆரம்பத்தில் சொன்னேன். நேற்று வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்லூரியில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு ரோலண்ட் வந்திருந்தான். ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்வரிசையில் சோளப்பொரியோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னடி, உன் கண்ணாடிப் பையன் இன்னும் ஒடையலையா?"

"பாத்துக்கிட்டே இரு" என்றேன்.

கோல்பி களத்துக்குள் போகும் முன் திரும்பி என்னைப் பார்த்தான். சமீபமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அப்படிப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. நான் வேண்டாம் என்று ஒரு முறை தலையசைத்தால் போதும், வந்து உட்கார்ந்துவிடுவான். போ என்று கையைக் காட்டினேன். போனான்.

பெரிய மோதல் எல்லாம் இல்லை. ஒரு தோள் அவன் தாடையில் இடித்தது. மற்ற பையன்கள் அதை உதறிவிட்டு ஓடுவார்கள். கோல்பி நாலு அடி நடந்தான், பந்தை நடுவரிடம் கொடுக்கப்போகிறவன் போல நீட்டினான், அப்படியே விழுந்தான். நான்தான் முதலில் ஓடினேன். கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டேன். மூச்சு வரும் வழியைப் பார்த்தேன். வண்டி வரும் வரை கையை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன் என்று டாக்டர் எம்ரிக் பிறகு எழுதிக் கொடுத்தார்.

முதல் அடி ஆறும் முன் விழுந்த இரண்டாம் அடி அது. மூளை வீங்கிவிட்டது. கோல்பி பிழைத்தான். இப்போது மறுவாழ்வு இல்லத்தில் கரண்டியைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். அம்மாவைப் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்கிறான், யாரென்று தெரியவில்லை. அவனுக்கு இருபத்தோரு வயது. அவன் ஆட முடியாத நிலையில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அன்று ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு ரோலண்டும் வந்தான். என் பின்னாலேயே வண்டி ஓட்டி வந்திருக்கிறான். சட்டையில் சோளப்பொரித் துணுக்கு ஒட்டியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அப்பா இறந்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"உன் மேல தப்பில்லடி மார்லிஸ். நான்தான் வாயை வெச்சேன். என் வாய் முகூர்த்தம்."

"இல்லண்ணா" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன். நிஜமாகவே அவன் சொன்னது எதுவும் பலிக்கவில்லை. அவன் தோளுக்கு மேலே சுவரில் நாட்காட்டி தெரிந்தது. அன்று மார்ச் முதல் தேதி. அவன் சொன்னது பிப்ரவரி.