ஒரு ஃபேனுக்கு மூணு நாள்

அங்க வேணாம் சார், அந்தக் காலை அப்படியே வெச்சுக்கங்க. சீலிங் பலகை மேல மிதிச்சீங்கன்னா நேரா உங்க பையன் கட்டில்ல போய்த்தான் இறங்குவீங்க. கட்டை மேல, ஆங், இந்தக் குறுக்குக் கட்டை மேல முட்டியை வைங்க. தலையைத் தூக்காதீங்க, மேல ஆணி நீட்டிக்கிட்டிருக்கு. அவ்வளவுதான், வந்துட்டீங்க பாருங்க. முப்பது வருஷம் நின்னுக்கிட்டே கணக்குப் பாடம் எடுத்தவரைக் கூரைக்கடியில தவழ வெச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க. கீழ நின்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன், நீங்க அசையலை. கண்ணால பாத்தாத்தான் சம்மதிப்பீங்க. எனக்கு வேண்டியது உங்க சம்மதம்தான். தலையை ஆட்டிட்டீங்கன்னா இந்தப் பழைய ஒயரை மொத்தமா உருவி எறிஞ்சுட்டுப் புதுசா இழுத்துடுவேன்.

தெரியும் சார், தெரியும். ஃபேன் சுத்தலைன்னுதான் கூப்பிட்டீங்க. ஒரு ஃபேனுக்கு மூணு நாளா ஒருத்தன் மச்சு மேலயே குடித்தனம் பண்ணினா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஃபேன் மொத நாளே சுத்திடுச்சு. சரி, இதுக்குக் கரண்ட் எந்த வழியா வருதுன்னு பாப்போமேன்னு ஏறினேன் பாருங்க, அதோட போச்சு என் தூக்கம்.

இருங்க, டார்ச் அடிக்கறேன். பயப்படாதீங்க, மெயினை அணைச்சாச்சு, டெஸ்டர் வெச்சும் பாத்தாச்சு. ஃபியூஸைக் கழட்டி என் சட்டைப் பையில போட்டு வெச்சிருக்கேன். அது ஒரு அனுபவம் சார். ஒரு வீட்டுல நான் மேல இருக்கேன்னு தெரியாம அந்த வீட்டு மாமியார் சீரியல் பாக்கணும்னு மெயினைப் போட்டுட்டாங்க. நான் போட்ட சத்தத்துல சீரியல்ல அழுதுக்கிட்டிருந்தவங்களே நிறுத்தியிருப்பாங்க. அன்னையிலேருந்து ஃபியூஸ் என் பையிலதான்.

இப்ப பாருங்க. இது கொடி இல்லை சார், ஒயர். கட்டைக்குக் கட்டை தாவித் தாவித் தொங்குது, ஒரு இடத்துல பிடிமானம் கிடையாது. போன வாரம் பழைய பெட்டியை வைக்க நீங்களே ஏறினீங்களாமே, வீட்டம்மா சொன்னாங்க. இருட்டுல இது கால்ல மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? அப்புறம் இங்க, வெயில் சூடு இறங்காம இருக்கப் பஞ்சு மெத்தை விரிச்சிருக்கீங்களே, நல்ல விஷயம். ஆனா ஒயர் அதுக்கு அடியில புதைஞ்சு கிடக்கு. ஒயர்ல கரண்ட் ஓடினா கொஞ்சம் சூடாகும். அந்தச் சூடு வெளிய போக வழி வேணுமில்ல? கோடை வெயில்ல கம்பளி போத்திக்கிட்டு ஓடச் சொன்னா நீங்க ஓடுவீங்களா?

இதை விடுங்க, இங்க வாங்க. தண்ணிக் குழாயோட சேத்துக் கட்டியிருக்கான் பாருங்க புண்ணியவான். எதால? ரிப்பன் சார்! பொண்ணுங்க தலையில கட்டற சிவப்பு ரிப்பன்! மூணு வருஷமா கிடக்கற ரிப்பனா, முப்பது வருஷமா கிடக்கறதான்னு தெரியலை. இதைக் கட்டினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...

யாரு? உங்க மச்சானா? அம்மாவோட கூடப்பிறந்த தம்பியா?

அந்த முடிச்சு நல்லா இருக்கு சார். அவிழவே இல்லை பாருங்க. ஒரு பொறுப்பு தெரியுது.

பதினஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலையா? ஆயிக்கிட்டுதான் இருந்திருக்கு, நாமதான் பாக்கலை. கையைக் குடுங்க. இந்தக் கட்டையைத் தொடுங்க. கருப்பா ஒட்டுதா? அழுக்கு இல்லை சார். கட்டை கருகியிருக்கு. ரெண்டு ஒயரை முறுக்கி டேப்பைச் சுத்தி விட்டிருக்கார் உங்க மச்... விட்டிருக்காங்க. டேப் காஞ்சு விட்டுப் போச்சு. டப்பாவுக்குள்ள இருக்க வேண்டிய இணைப்பு மெத்தைப் பஞ்சு மேல வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு. இதுக்கு நேர் கீழ என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்தேன். தலகாணி இருக்கு சார், தலகாணி.

என்ன பண்ணப் போறேனா? இவ்வளவுதான். ஒயர் இனிமே நடக்கற வழியில வராது. கட்டையோட பக்கவாட்டுல ஒட்டிப் போகும், சாணுக்கு ஒரு க்ளிப். நசுங்கற மாதிரி இறுக்கக் கூடாது, தொங்கற மாதிரி விடவும் கூடாது. கட்டையைத் தாண்டணும்னா நட்டநடுவுல ஓட்டை போட்டு நுழைக்கணும், மேல் விளிம்புல வெட்டினோம்னா கட்டை பலம் போயிடும். பஞ்சுக்கு மேலதான் போகணும், அடியில இல்லை. சீலிங்ல பதிச்ச லைட்டோட முதுகுக்குப் பக்கத்துல போகவே கூடாது. இணைப்பெல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள்ள. என்ன சார் முணுமுணுக்கறீங்க? எத்தனை க்ளிப்னு அதுக்குள்ள வகுத்துட்டீங்களா! நீங்க வாத்தியார்தான், ஒத்துக்கறேன்.

நான் எழுதிக் குடுத்த சீட்டுல கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் எதுக்குச் சுவிட்ச்னு கேக்கறீங்களா? அது... பையன் புரண்டு படுப்பாரில்ல சார். இந்தப் பக்கம் புரண்டா இந்தச் சுவிட்ச், அந்தப் பக்கம் புரண்டா அந்தச் சுவிட்ச். ஏன், சிரமப்படணுமா? கண்ணாடிக்கு மேல லைட்டா? தலை வார வேண்டாமா? ஆமா, அவருக்கு முன்னாடி கொஞ்சம் கொட்டிட்டுதான் இருக்கு. இருக்கற முடியையாவது வெளிச்சத்துல பாத்துக்கட்டுமே.

சார், சார், எங்க திரும்பறீங்க? யோசிச்சுச் சொல்றேன்னா எப்படி? ஞாயித்துக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. சரி, இறங்கறதுன்னா இறங்குங்க, ஆனா மெதுவா. பின்பக்கமாவே வாங்க. அந்த ஆணி, அந்த ஆணி, தலையைக் குனிஞ்சுக்கங்க சம்பந்தி.

...என்ன சார், அப்படியே கல்லு மாதிரி ஆயிட்டீங்க?

என்ன சொன்னேனா? சொல்லிட்டேனா? அட கடவுளே. மூணு நாளா வாயைக் கட்டி வெச்சிருந்தேனே! எந்திரிக்காதீங்க சார், எந்திரிக்காதீங்... இடிச்சுக்கிட்டீங்களா? ஆணி இல்லையே? நல்ல வேளை, கட்டைதான். தேய்ச்சு விடுங்க, வீங்காது.

என் பொண்ணுதான் சார். ஒரே பொண்ணு. ரெண்டு வருஷமாப் பழக்கமாம். உங்க பையன்தான் உங்ககிட்ட சொல்றதா ஏற்பாடு. திங்கக்கிழமை சொல்றேன்னாரு, செவ்வாய்க்கிழமை சொல்றேன்னாரு, உங்க முகத்தைப் பாத்ததும் நாக்கு உள்ள போயிடுதாம். உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். நான் தனியாப் பேசிக்கிட்டே வேலை பாக்கறவன், அதனால இங்க இருக்கற எலிக்குக்கூடத் தெரியும். நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

திருட்டுத்தனமா நுழைஞ்சேன்னு நினைச்சுடாதீங்க. ஃபேனுக்கு நீங்கதான் கூப்பிட்டீங்க. வந்து நின்னப்புறம்தான் இது எந்த வீடுன்னு எனக்கே தெரிஞ்சுது. வேலையை முடிச்சுட்டு மரியாதையாப் போயிருப்பேன் சார். அந்தக் கருகின கட்டையைத் தொட்டேன் பாருங்க, உடனே இறங்கிப் போய்க் கீழ தலகாணி எங்க இருக்குன்னு பாத்தேன். எத்தனையோ வீட்டுல இதைவிட மோசமாப் பாத்திருக்கேன், ஒரு நாளும் இறங்கிப் போய்ப் பாத்ததில்லை. என் பொண்ணு தலை வெச்சுப் படுக்கப் போற இடத்துக்கு மேல நெருப்பைக் கண்ணால பாத்துட்டு எப்படி சார் ஏணியை மடிச்சுக்கிட்டுப் போவேன்?

கோவமா இருந்தா திட்டுங்க, கேட்டுக்கறேன். பொண்ணு வேணாம்னு சொன்னாலும் சொல்லுங்க, எப்படியோ தாங்கிக்கறேன். ஆனா அதுக்கப்புறமும் ஒயரை மாத்த விடுங்க. உங்க பையன் இங்கதானே படுக்கறாரு? மூணு நாளா நாலு மணியானா டீயை எடுத்துக்கிட்டு வந்து, போதுமா, இன்னும் சர்க்கரை வேணுமான்னு ஏணியடியிலயே நிப்பாரு. எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு சார். அவ்வளவுதான், சொல்லிட்டேன்.

...

என்ன கேட்டீங்க? பொண்ணு என்ன வேலை பாக்கறாளா? கேட்டுட்டீங்களா! இன்ஸ்பெக்டர் சார். போலீஸ் இல்லை, போலீஸ் இல்லை. வீடு வீடாப் போய் ஒயரிங் சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடற இன்ஸ்பெக்டர். போன மாசம் என் வேலையையே ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டா. பெத்த அப்பன்னு பாக்கலை. ஒரே ஒரு க்ளிப் சார், லேசாக் கோணிப் போச்சு, அதுக்கு முழுப் பக்கம் எழுதிக் கையில குடுத்தா. இந்த வீட்டுக்கு வாழ வந்தா வாசல்ல செருப்பைக் கழட்டின கையோட ஏணி எங்கன்னுதான் கேப்பா. மாமனார், மாமியார் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

என்ன சார், வயிறு குலுங்குது? பலகை ஆடுது சார், மெதுவா. சிரிக்கறீங்களா? நெஜமாவே சிரிக்கறீங்களா?

ஏ மாப்ளே! கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு ஒட்டுக்கேட்டது போதும். கட்டை மேல காலை வெச்சு இப்பவே ஏறி வாங்க. உங்கப்பா சிரிச்சுக்கிட்டிருக்காரு, முடிக்கறதுக்குள்ள உங்க வாயால நீங்களே சொல்லிடுங்க.