டீனோ தோட்டத்து வாளி

நாறுதா? நாறத்தான் செய்யும், கடல்பாசி அழுகிக் கெடக்கே. காத்துக்கு எதிரா இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. எனக்குப் பரவால்ல. சாப்பிடுங்க, சிப்பி சூப்பு ஆறினா வாயில வைக்க முடியாது.

ஆமா, தனியாத்தான். மூணு நாளா வண்டிதான். ஹீல்ட்ஸ்பர்க்ல கெளம்பி, திராட்சைத் தோட்டம் தோட்டமா நின்னு, ஆத்தோரமா ஜென்னருக்கு எறங்கி, கடலோரமாவே இந்த போடேகா பே வரைக்கும். ஜாலியா? நல்லாச் சொன்னீங்க போங்க. இருபத்தாறு வருஷமா ஒயின் ஆக்குறதுதான் எனக்குப் பொழப்பு. அறுவடை நேரத்துல எங்காளுங்க குளிக்கக்கூட வீட்டுக்குப் போறதில்ல. நான் என்னடான்னா போனை அணைச்சுட்டு ஊர் சுத்துறேன்.

ஆறு எடத்துல ருசி பாத்தேன். எல்லாம் தெரிஞ்ச பசங்க. ஊத்திக் குடுத்துட்டு என் மூஞ்சியவே பாப்பானுங்க. கிளாஸை ஒரு சுத்து சுத்தி, மோந்து, கொப்புளிச்சுத் துப்பிட்டு, இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கட்டும்ப்பான்னுவேன். எந்த ஒயினுக்கும் அது பொருந்தும். அவனுங்களும் தலைய ஆட்டுவானுங்க.

சலிச்சுப்போச்சுங்க.

ஆகஸ்ட்ல மலையில தீப்பிடிச்சுதுல்ல... அதேதான். பதினோரு நாள் புகை எங்க பள்ளத்தாக்குலயே படுத்துக் கெடந்துச்சு. பழத்துல புகை ஏறிட்டா ஒயின் ஈரச் சாம்பலாட்டம் நாறும். சும்மா தின்னு பாத்தா தெரியாது. அதான் ஒரு வாளிப் பழத்தை முன்னாடியே அறுத்து, நசுக்கிப் புளிக்கவச்சு, மோந்து பாப்போம். லேபுக்கு அனுப்பினா ஆறு வாரம் ஆகும்கிறான். அதுவரைக்கும் பழம் காத்துக்கிட்டு இருக்குமா? அதனால மூக்குதான். எங்க கம்பெனிக்கு என் மூக்கு.

டீனோன்னு ஒருத்தன். டீனோ பெட்ரோக்கி. பதினெட்டு வருஷமா அவன் தோட்டத்துப் பழம் எங்களுக்குத்தான் வருது. என்னை மூக்கான்னுதான் கூப்பிடுவான். செவ்வாக்கிழமை அவன் வாளிய மோந்தேன். தொப்பியக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு எதிர்லயே நிக்கிறான். புகை இருக்கு, வேண்டாம்னுட்டேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசலங்க. நீ சொன்னா சரிடா மூக்கான்னான். நான் வேண்டாம்னதை வேற எவனும் தொட மாட்டான். பழம் இன்னும் கொடியிலதான் தொங்குது. ஞாயித்துக்கிழமை மழைங்கிறாங்க. மழை விழுந்துட்டா எல்லாம் அழுகிடும், கடன்ல தோட்டமும் அவன் கைய விட்டுப் போயிடும்.

இந்தாங்க, இந்தக் குப்பியக் கொஞ்சம் மோந்து பாருங்க. குடிக்க வேணாம். அந்த வாளியில எடுத்ததுதான். பாசிப் பக்கம் திரும்பாதீங்க, ம். சாம்பல், சிகரெட் தட்டு, அந்த மாதிரி ஏதாச்சும்?

இல்லியா? அவசரப்படாதீங்க, இன்னொரு தடவ.

பழ வாசனை மட்டும்தானா? நிச்சயமா?

எங்க ஊர்ல யார்கிட்டயும் நீட்ட முடியாதுங்க. நீயே மோந்து பாக்க வேண்டியதுதானேம்பாங்க. பாருங்க, நீங்களும் அதையேதான் கேக்குறீங்க.

மார்ச்ல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அன்னையிலேருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியறதில்ல. ஒயினும் தெரியல, காப்பியும் தெரியல. இந்தப் பாசி நாத்தமும் நீங்க மூக்கைப் பொத்துனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. எங்கயாச்சும் ஒரு கிளாஸ்ல துளியாவது திரும்பி வராதான்னுதான் இந்தச் சுத்து சுத்துனேன். நல்லாருக்குன்னு சொல்லி, பின்னால ஒயின் கெட்டா என் குட்டு ஒடஞ்சிடும். வேண்டாம்னு சொல்லிட்டா எவனும் ஏன்னு கேக்க மாட்டான். பயத்துல வேண்டாம்னுட்டேங்க. அவ்ளோதான்.

இல்ல, நீங்க எந்திரிக்க வேணாம், சாப்பிடுங்க. நான் அப்படித் தள்ளி நின்னு டீனோகிட்ட பேசிக்கிறேன். இன்னிக்கு வெள்ளிதானே? இன்னும் ரெண்டு நாள் இருக்கு. வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போயி மோந்து பாக்கச் சொல்லலாம். அப்புறம் என் வேலை இருக்குமோ, போகுமோ.

போனை எடுத்ததுமே மூக்கான்னுதான் கூப்பிடுவான். அதுக்கு முன்னாடி சொல்லிடணும்.