தட்டோடு போனவர்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் மடியில் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, வாழைப்பழம், ஒரு துணிக்கடைப் பை.

“வூட்ட விக்கிறவரோட தங்கச்சிக்கு நாம எதுக்கு மாமா பொடவ எடுக்கணும்?”

“அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டாத்தானே பத்திரம் பதிவாவும்? ரெண்டு தடவ ரிஜிஸ்டர் ஆபீசு வரைக்கும் போயி சும்மா திரும்பினோமே!”

“பொறந்த வூட்ட விக்கிறத வாட்சப்புல சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது? அண்ணங்காரரு இல்ல நேர்ல போயி கூப்புடணும்?”

“அவரு போவ மாட்டேங்கிறாரு. நம்ம வாடகை வூட்ட இந்த மாசத்தோட காலி பண்ணணும். அதான் நானே கெளம்பிட்டேன்.”

அவருடைய கைபேசி ஒலித்தது. பேசியதைவிட அதிகமாகத் தலையாட்டினார்.

“அந்தப் பொண்ணுதான். ‘எங்கண்ணன் வரலன்னா என்ன, நீங்க வர்றீங்களேண்ணே. சாப்புட்டுத்தான் போவணும், நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுறேன்’னு சொல்லுது.”

மனைவி சத்தமாகச் சிரித்தார். “அப்ப வருசா வருசம் பொங்கச் சீர் வேற வெக்கணும். வூட்டோட சேத்து எனக்கு ஒரு நாத்தனாரையும் வாங்கிட்டீங்க!”

“எனக்குத்தான் கூடப்பொறந்தவ யாரும் இல்லியே” என்றவர், தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.