சோப்புப் பெட்டி இருந்த தட்டு

தென்காசி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் குடோனில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.

“அந்த ஸ்கேனரப் பாத்தாலே வயிறு எரியுதுக்கா,” என்றாள் இளையவள். “எந்தச் சாமான் எங்கன இருக்குன்னு எல்லாரும் என்னையத்தான் கேப்பாவ. இப்போ புதுசா வந்த சபீனாவுக்கு எந்தத் தட்டுல இருக்குன்னு அதுவே வழி காட்டுது. யாரு நெறைய சாமான் எடுத்தான்னு குடோன் டிவியில போடுவாவல்லா, அதுல அவ பேருதான் முதல்ல வருது.”

“அதுக்கு என்னட்டி செஞ்ச?”

“நேத்து சோப்புப் பெட்டியத் தட்டு மாத்தி வச்சிட்டேன். ஸ்கேனர் காட்டுன இடத்துல இல்லன்னதும் அழுதுட்டே எங்கிட்டதான் வந்தா. உடனே எடுத்துக் குடுத்தேன்.”

“அடிப்பாவி!”

“‘மிஷின விட நீங்கதான்க்கா’ன்னு கையப் புடிச்சிக்கிட்டா. இன்னைக்கு எனக்கு நெய்ச்சோறு கொண்டு வாராளாம்.”

“தின்பியாட்டி?”

“சோறு கட்டாமத்தான் வந்திருக்கேன். தொண்டையில எறங்குமான்னுதான் தெரியலக்கா.”