பதினேழாவது குறையை மூடிய விதம்

நான் ஹெல்மெட் போடாமல் வண்டி எடுத்ததே இல்லை, மேடம். சிட்லபாக்கத்தில் என் வீட்டிலிருந்து காய்கறிக் கடை முந்நூறு அடிகூட இருக்காது. அதற்கும் போடுவேன், பட்டையையும் மாட்டுவேன். எங்கள் தெருவில் ரிட்டையர் ஆனவர்கள் அதிகம். "கொத்தமல்லி வாங்குறதுக்கு ஹெல்மெட்டா சார்?" என்று கேட்டுவிட்டு வாக்கிங் போவார்கள். சிரிக்கட்டும். இப்படிச் சிரிக்கிறவர்கள்தான் சிக்னலில் காக்கிச் சட்டையைக் கண்டதும் வண்டியைத் திருப்புகிறவர்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னைப் பற்றி வெண்ணிலா உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தன் அம்மாவைத் தானே கொன்றுவிட்டதாக உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னீர்கள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றும் சொன்னீர்கள். அவள் எழுதியது உண்மையா இல்லையா என்று நான் ஒருவன்தான் சொல்ல முடியும் என்கிறீர்கள். அது சரிதான். சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன்.

என் பெயர் சத்யநாராயணன். மின்சாரச் சரக்கு ஆட்டோ தயாரிக்கும் கம்பெனியில் விதிமுறைப் பிரிவுக்குத் தலைவர். தொழிற்சாலை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், என் ஆபீஸ் நாவலூரில் ஆறாவது மாடி. அரசாங்கமோ வெளிநாட்டுக்காரனோ ஒரு விதி போட்டால், நாங்கள் அதைப் பின்பற்றுகிறோம் என்பதற்கு ஆதாரம் தயாரிப்பது என் வேலை. உண்மையிலேயே பின்பற்றுகிறோமா என்று பார்ப்பது வேறு பிரிவு.

ஒரு காலத்தில் வண்டி என்றால் பிரேக், விளக்கு, ஹாரன் இருந்தால் போதும். இப்போது மீன்கூடை ஏற்றுகிற ஆட்டோவுக்குள்ளும் ஒரு சிம் கார்டு இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று எல்லாமே எங்கள் திரைக்கு வந்துவிடும். திருடு போனால் இங்கிருந்தே கட்டளை அனுப்பிப் பூட்டலாம். நிற்கிற வண்டியைத்தான் அந்தக் கட்டளை பூட்டும், ஓடுகிற வண்டியைத் தொடாது என்று கையேட்டில் போட்டிருக்கிறோம். கையேட்டை எழுதியது நான்தான்.

இதற்கெல்லாம் இப்போது இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமாம். அது இல்லாமல் வெளிநாட்டுக்கு ஒரு வண்டியும் கப்பலேறாது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பெரிய ஓட்டல்களில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். கறுப்பு முக்காடு போட்ட திருடன் படத்தை ஒருவர் காட்டுவார், எல்லோரும் பயப்படுவார்கள், பிறகு பஃபேயில் வரிசையாக நிற்பார்கள். நான் பத்துக்குக் குறையாமல் போயிருக்கிறேன். அங்கே பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு ஆட்டோவின் மூடியைத் திறந்து பார்த்தவராக எனக்குத் தோன்றவில்லை.

வெண்ணிலா திறந்து பார்த்தவள். அதுதான் தொந்தரவு.

சோதனைப் பிரிவில் இருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்துப் பெண், இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வந்தவள். வண்டிகளில் இருந்த குறைகளை எண் போட்டு ஒரு பட்டியல் கொடுத்தாள். பதினாறு குறைகளைப் பேசி, திருத்தி, வார்த்தையை மாற்றி மூடிவிட்டோம். பதினேழாவதை அவள் மூடவிடவில்லை. எல்லா வண்டிக்கும் ஒரே ரகசியச் சாவி வைத்திருக்கிறோம், அது தெரிந்தவன் எந்த வண்டிக்கும் கட்டளை அனுப்பலாம், ஓடுகிற வண்டியும் அதற்குக் கீழ்ப்படிகிறது. இதுதான் பதினேழு.

எங்கள் எம்.டி. ராஜகோபால், சிங்கப்பெருமாள் கோவில்காரர். தொழிற்சாலை நிற்கிற இடம் அவர் அப்பா நெல் பயிரிட்ட நிலம். அவருக்கு வண்டியும் தெரியாது, விதியும் தெரியாது. நிலம் தெரியும். சரிசெய்ய எத்தனை நாளாகும் என்று கேட்டார். நாலு மாசம் என்றாள் வெண்ணிலா. சான்றிதழுக்காகச் சரிபார்க்கிற ஆடிட்டர் வர இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மனிதர் என்னைப் பார்த்தார். அவர் எப்போதும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்.

"மோட்டார் நின்னா வண்டி மெதுவா உருண்டு ஓரமா நிக்கப் போகுது. இதுல என்னம்மா ஆபத்து?" என்று நான் கேட்டேன்.

"டிரைவர் பிரேக்கே பிடிக்கலியே சார். பின்னாடி பிரேக் லைட் எரியாது. வர்ற லாரிக்காரனுக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ராஜகோபாலைப் பார்த்து, "எங்கம்மா டெய்லி இந்த வண்டிலதான் சார் மீன் எடுத்துக்கினு போவுது. நீங்களே சொல்லுங்க, லோ ரிஸ்க்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றும் கேட்டாள்.

அறையில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ராஜகோபாலின் கண்கூடக் கலங்கியது. எனக்கு எரிச்சலாக இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு கூட்டத்தில் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தி ஒருவர் ஜெயித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். பெயர் பாப்பா. ஊழியர் திட்டத்தில் வெண்ணிலா எடுத்த வண்டி, அம்மா பெயரில் பதிவு, ஓட்டுவதும் அவரேதான். டெலிவரி அன்று வெண்ணிலா மேலே ஏதோ வேலையாக இருந்தாள், படிவங்களில் கையெழுத்து வாங்க நான்தான் கீழே போனேன். பாப்பா பூசணிக்காய் உடைத்து, வண்டியின் எச்சரிக்கை ஸ்டிக்கர் மேலேயே குங்குமத்தைப் பூசியிருந்தார். ஸ்டிக்கரில் ஒரு எழுத்துத் தெரியவில்லை. எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். நான் சைவம் என்றதும் அதை வைத்துவிட்டு, "அப்ப இந்த எலுமிச்சம்பழமாச்சும் எடுத்துக்க சார், வெறுங்கையோட அனுப்பக்கூடாது" என்றார்.

படிவத்தை நீட்டினேன். "இதுல இன்னா சார் போட்டுகீது?" என்றார். வழக்கமானதுதான் என்றேன். பெரிய எழுத்தில் பாப்பா என்று எழுதிக் கொடுத்தார். அதில் பதினோராவது விதி, கம்பெனி தேவைப்பட்டால் இந்த வண்டியைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்பது. ஊழியர் திட்டத்தின் படிவத்தில் மட்டும்தான் அது இருக்கிறது. பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. அந்தத் திட்டத்தில் அது வழக்கமானதுதான்.

இப்போது பதினேழுக்கு வருகிறேன். ஒரு குறையைச் சரிசெய்யாமலே மூடுவதற்கு ஒரே வழி, அதனால் பெரிய பாதிப்பில்லை என்று நேரடியாகச் சோதித்துக் காட்டுவது. விற்ற வண்டியாக இருக்க வேண்டும், பாரத்தோடு சாலையில் ஓட வேண்டும், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். சோதனை செய்தவர் ஒருவர், சாட்சி இன்னொருவர், இருவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. இந்த நிபந்தனைகளை எழுதியதும் நான்தான். ஆகவே மீற முடியாது.

அனுமதி எழுதிக் கொடுத்த உரிமையாளர்கள் மொத்தம் மூன்றே பேர். ஒரு வண்டி சர்வீஸில் கிடந்தது. இன்னொன்று ராஜகோபாலின் மைத்துனருடையது. மீதி ஒன்று.

உரிமையாளரின் பெயர், வண்டி எண், இடம் எல்லாம் சோதனை செய்கிறவருக்குத் தெரியக்கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புக்காக நாங்களே வைத்திருக்கும் நடைமுறை. அதனால் வெண்ணிலாவின் திரையில் வேகம் மட்டும்தான் வந்தது. வரைபடம் என் திரையில் இருந்தது. சோதனை வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டிருந்ததால் சந்தோஷமாகத்தான் வந்து உட்கார்ந்தாள். ஆபத்து இருக்கிறது என்று எனக்கு நிரூபித்துவிடலாம் என்ற நினைப்பு. தொழிற்சாலை டிரைவர் யாரோ காலி ரோட்டில் ஓட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவளாக எண்ணிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. வண்டி கேளம்பாக்கத்தில் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தது. வியாபாரம் நடந்திருக்கும்.

"ஸ்பீட் ஜீரோ காட்டுது சார். அனுப்பட்டுமா?" என்றாள்.

"ஓடட்டும்," என்றேன்.

இருபது நிமிஷம் காத்திருந்தோம். அதற்குள் இரண்டு தடவை காப்பி வேண்டுமா என்று கேட்டாள். பிறகு வண்டி கிளம்பி வண்டலூர் ரோட்டில் திரும்பியது. பன்னிரண்டு, இருபத்தைந்து, முப்பத்தாறு. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிற வழக்கமான பாதை.

"நம்ம டிரைவர்தானே சார்? சொல்லி வெச்சிருக்கீங்கல்ல?"

"அனுமதி வாங்கின வண்டிம்மா," என்றேன். அது உண்மை. தாள் என் மேஜையிலேயே இருந்தது.

நாற்பத்தொன்று வந்தது. சாலை வளைகிற இடம். "இப்போ," என்றேன். அவள் விசையை அழுத்தினாள்.

நாற்பத்தொன்று, முப்பத்திரண்டு, இருபத்திநாலு. அதுவரை நான் எழுதி வைத்திருந்தபடியே இறங்கியது, எனக்குத் திருப்தியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரே தாவலில் பூஜ்யம். திரையில் பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான். எப்படிப் பூஜ்யம் ஆனது என்று அது சொல்லாது. வண்டி சாய்ந்துவிட்டது என்று ஒரு எச்சரிக்கையும் என் பக்கம் வந்தது. சாய்வு இந்தச் சோதனையின் எல்லைக்குள் வராத விஷயம், அதனால் பதியவில்லை.

"நின்னுடுச்சு சார். அந்த அண்ணன் ஓகேவான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்," என்றாள்.

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தாளை நிரப்பினேன். வண்டி நின்றது. பாதிப்பு: குறைவு. நான் எழுதி முடிக்கவும் அவளுடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரனே பாப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறான். கேட்டதும் அவள் பையை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா. நாளைக்கு ஆடிட்டர் வர்றார்," என்றேன்.

போட்டாள். எந்தத் தாள் என்றுகூடப் பார்க்கவில்லை. செய்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து, சாட்சி என்ற இடத்தில் என்னுடையது. அந்த வாரத்துக்கான விடுப்பை நானே பதிந்துகொடுத்தேன். பிணவறை வாசலில் வெயிலில் நின்றார்கள் என்று ராஜகோபால் வந்து சொன்னார். அவர் மாலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஆடிட்டர் ஜெபராஜ் மறுநாள் வந்தார். பதினேழுக்கு அவர் இரண்டு நிமிஷம்கூடச் செலவழிக்கவில்லை. கையெழுத்து இரண்டும் வேறுவேறு ஆளுடையதுதானே என்று மட்டும் பார்த்தார், பிறகு தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குகைக் கோவில் இருக்கிறதாமே, நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று விசாரித்தார். இவர்களுக்காகத்தான் நாடு முழுவதும் இரவு பகலாக வேலை பார்க்கிறது. சான்றிதழ் ஒரு குறிப்புக்கூட இல்லாமல் வந்தது. வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வெண்ணிலா ஆபீஸுக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் விபத்து நேரம் பதினொன்று இருபத்திநாலு என்று இருந்ததைக் காட்டினாள்.

"நாம அனுப்பினது எத்தினி மணிக்கு சார்?"

பதிவேட்டில் பார்க்கலாம் என்றேன்.

"பாத்துட்டேன் சார். பதினொன்னு இருபத்திநாலு." காகிதத்தை மடித்தாள். "அது எந்த வண்டி சார்? அதை மட்டும் சொல்லிடுங்க. வேற வண்டின்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நான் வூட்டுக்குப் போயிடுவேன்."

உரிமையாளர் விவரத்தைச் சோதனை செய்தவரிடம் சொல்ல விதியில் இடமில்லை என்றேன். வேறு வண்டி என்று பொய் சொல்லியிருக்கலாம்தான். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் என் காலில் விழுந்தாள், அதுவும் ஆபீஸில், எல்லோரும் பார்க்க. எழுந்திரும்மா என்று இரண்டு முறை சொன்னேன். எழுந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

உங்கள் கேள்வி, அவளுக்குத் தெரியுமா என்பது. தெரியாது. எந்த வண்டி என்றும் தெரியாது, யார் ஓட்டினார்கள் என்றும் தெரியாது. எனக்குத் தெரியும். வண்டியில் பாப்பா இருந்தது தெரியும், பின்னால் விளக்கு எரியாது என்பதும் தெரியும், அதை அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். நின்ற வண்டி ஓடும்வரை காத்திருக்கச் சொன்னதும் நான், வளைவில் இப்போ என்று சொன்னதும் நான். ஆபத்து என்று அவள் சொன்னதா, குறைவு என்று நான் சொன்னதா, எது சரி என்று அவள் கையாலேயே பார்க்கட்டும் என்று நினைத்தேன். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டுங்கள், சாப்பிடச் சொல்லுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

இதோ, இங்கே ஒரு தவறு இருக்கிறது மேடம். குற்றம் செய்தவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சோதனைத் தாள் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். நான் சாட்சி.