சிவப்பு ஒயரில் குறையில்லை

ஒயரை எப்போதும் ஒரு கை கூடுதலாகவே வெட்ட வேண்டும், ஐயா. கச்சிதமாக அளந்து வெட்டுகிறவன், நாளைக்கு சர்வர் அடுக்கிய ரேக்கை அரை அடி நகர்த்தச் சொன்னால் முழி பிதுங்கி நிற்பான். இது எனக்குத் துணிக்கடையில் வந்த புத்தி. எங்கள் குடும்பமே துணி வியாபாரம். அப்பா அரை மணி நேரம் பேரம் பேசி, எல்லாம் போய்விட்ட முகத்தோடு துணியைக் கொடுப்பார். வாங்கியவர் தெருமுனை திரும்பியதும் அப்பா விசிலடிப்பார்.

நானும் உங்களிடம் பேரம் பேசத்தான் வந்திருக்கிறேன். உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: கதவுப் பொத்தானுக்குப் போகும் ஒயரில் லூஸ் கனெக்‌ஷன். அந்த வரியை எடுத்துவிட வேண்டும். பதிலுக்கு என்ன போடலாம் என்பதையும் கொண்டு வந்திருக்கிறேன். வெறுங்கையோடு பேரத்துக்குப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

அந்த சர்வர் அறை வெறும் சிமெண்ட் தரையாக இருந்தபோதே அதில் நடந்தவன் நான். எந்த வரிசையில் எந்த ரேக், எந்த ஒயர் எந்த வழியாக இறங்கும் என்று வரைந்ததெல்லாம் என் கை. மின்சார ஒயர் ஒரு ட்ரே, தகவல் ஒயர் இன்னொரு ட்ரே. இரண்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி. பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம், உரசக் கூடாது. சர்வர்களுக்கு நீலம், கண்ணாடி இழைக்கு மஞ்சள், கதவுக்கும் அலாரத்துக்கும் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு. வேலை முடிந்த அன்று ரேக் கதவுகளைத் திறந்தேன். அத்தனை நீலமும் ஒரே வளைவில், பள்ளிக்கூடப் பெண்களின் பின்னல் மாதிரி இறங்கியிருந்தது. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். என் போன் திரையில் இன்றும் அந்தப் படம்தான். "பொண்டாட்டி படம் வைக்க இடமில்ல, பொட்டிப் படம் வெச்சிருக்காரு" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

அந்த அறையைப் பராமரிக்க என் தங்கை புருஷனைச் சேர்த்துவிட்டதும் நான்தான். தங்கை கேட்டாள், செய்தேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். அவர் இருக்கும் இடத்தில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க முடியாது. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்த வாரமே ஒரு பச்சை ஒயரை, இந்த ரேக்கிலிருந்து நாலு ரேக் தள்ளி, முகப்பில் குறுக்கே இழுத்துச் செருகிவிட்டார். கொடி கட்டியது போல.

"மாப்ளே, இதுக்குன்னு மேல வழி இருக்கே."

"அவசரம் மச்சான். அப்புறம் எடுத்துக்கலாம். நீங்க என்ன, ஒயருக்கெல்லாம் தலை வாரிப் பொட்டு வெப்பீங்க போலிருக்கே!"

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதானே. பச்சைக்குத் துணையாக ஒரு கறுப்பு வந்தது, பிறகு ஒரு வெள்ளை. நான் எடுத்து ஒழுங்காகப் போடுவேன். அவர் மறுபடி குறுக்கே இழுப்பார். ஒருநாள் பெயர்ச்சீட்டுகள் கண்ணை உறுத்துவதாகச் சொல்லி ஒரு வரிசை முழுக்க உரித்திருந்தார். கடைசியாக, தன் சாப்பாட்டுப் பையை மஞ்சள் ஒயரில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். உள்ளே இருப்பது கண்ணாடி, ஐயா. முடியை விட மெல்லிய கண்ணாடி.

"ஆணி இல்ல மச்சான், என்ன பண்ண?" என்றார்.

அன்றைக்கு மனது மிகவும் லேசாகிவிட்டது. கணக்கு நேரானால் எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

சாப்பிட்டதும் கடைசி ரேக்குக்குப் பின்னால் ஒரு சிகரெட் பிடிப்பது மாப்பிள்ளையின் வழக்கம். அதற்காக மேலே இருந்த புகை உணர்கருவிக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு வைத்திருந்தார். அவர் கை கழுவப் போன நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி மூடியை எடுத்தேன். அது அங்கே இருக்கக் கூடாத பொருள். எந்த அதிகாரியைக் கேட்டாலும் எடு என்றுதான் சொல்வார். பிறகு வெளியே ஒயர் அறைக்கு வந்து, கதவுப் பொத்தானின் சிவப்பு ஒயரைப் பேனலிலிருந்து கழற்றினேன். வேறு எதையும் தொடவில்லை.

புகை பட்டதும் அலாரம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் தீயணைக்கும் வாயு இறங்கும். அது தீயையும் மனிதரையும் பிரித்துப் பார்க்காது. அதனால்தான் கதவருகே பொத்தான். அதை அழுத்தினால்தான் உள்ளிருந்து கதவு திறக்கும்.

கதவில் சின்னக் கண்ணாடி உண்டு. மாப்பிள்ளை முதலில் நிதானமாகத்தான் அழுத்தினார். பிறகு லிஃப்ட் வராத ஆள் மாதிரி திரும்பத் திரும்ப. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "தொறங்க மச்சான்" என்று உதடு அசைந்தது. நான் கையைத் தூக்கி, இதோ என்று காட்டினேன். வெளியிலிருந்து திறக்கும் அட்டை என் சட்டைப்பையில்தான் இருந்தது. நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் உட்கார்ந்த பிறகு, ஒயரை மறுபடி செருகினேன். டக்கென்று ஒரு சத்தம் வரும், ஐயா. அந்தச் சத்தம் வந்தால் பிடி விடாது.

உங்கள் ஆட்கள் சோதித்தபோது பொத்தான் ஒழுங்காக வேலை செய்தது. காரணம் தெரியாமல், விட்டு விட்டுத் தொடர்பு போயிருக்கும் என்று எழுதிவிட்டார்கள். நான் பேசாமல்தான் இருந்தேன். துக்க வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் இருக்கும்போது, தங்கை என் முகத்துக்கு நேரே கேட்டாள்: "ஊரெல்லாம் ஒயர் பெருமை பேசுவியேண்ணா. ஒரு கதவு தொறக்கல பாத்தியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அதைத் தாங்க நான் என்ன கல்லா?

நீங்கள் பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுதுங்கள். கழற்றியது நான், பார்த்துக்கொண்டு நின்றது நான், கொன்றது நான். தங்கையிடமும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், பாவம், தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறாள்: அவள் புருஷன் சாவுக்கு அண்ணன் செய்த ஒயர் வேலை காரணமில்லை.