எடை தெரியாத குழந்தை

— அதான் சொல்றேனே, தலைவலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன்.

— பின்ன எதுக்கும்மா போன வேகத்துல திரும்பி வந்திருக்கே? மகாராணி காய்ச்சல் வந்தாலும் லீவு போட மாட்டியே.

— முதல்ல இந்தப் பையைப் பிடிங்க. கை விட்டுப் போகுது.

— என்ன இருக்கு இதுல? உன் மேசைச் செடி... காபி கப்பு... பாப்பா போட்டோ. ஏய். உன்னையுமா?

— என்னையும்தான். எங்க டீம் அஞ்சு பேர்ல நாலு பேரு.

— உட்காரு. தண்ணி குடி. யாரு சொன்னா?

— மேனேஜர்தான். அவரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம சன்னலையே பார்த்துக்கிட்டிருந்தார். ‘உங்க வேலைல ஒரு குறையும் இல்லை’ன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். குறை இல்லாத வேலைக்குத்தான் சீட்டைக் கிழிச்சாங்க.

— மீதி ஒருத்தர் யாரு?

— போன வருஷம் சேர்ந்தாளே, அந்தச் சின்னப் பொண்ணு. இனிமே ஏஐ எழுதற புரோகிராமைப் பார்த்து ‘சரி’ன்னு பட்டன் அமுக்கணுமாம். ‘நீ எழுதலையே, பார்க்கத்தானே செய்யறே’ன்னு அவ சம்பளத்தையும் பாதியாக்கிட்டாங்க. பாத்ரூம்ல போய் நின்னு அழறா. வேலை போனவ நான், வேலை இருக்கறவளைத் தேத்திட்டு வர்றேன். கூத்தைப் பாருங்க.

— எனக்கு வேலை போனப்போ நீ என்ன சொன்னே? ‘என் வேலைக்கு அது வராதுங்க, ஆஸ்பத்திரிக்கு எழுதற புரோகிராம், உயிர் சம்பந்தப்பட்டது’ன்னு...

— சொன்னேன். இன்னிக்குக் காலைல வரைக்கும் அதை நம்பிக்கிட்டும் இருந்தேன். எல்லாரையும் உட்காரவெச்சு அந்த ஏஐ எழுதின புரோகிராமை ஓட்டிக் காட்டினாங்க. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேதான் போனேன். குழந்தைங்க மருந்து வரட்டும், அங்க மாட்டிக்கும்னு.

— எதைச் சொல்றே?

— சாப்பிடறப்போ உங்ககிட்டச் சொல்லியிருக்கேனே. குழந்தைக்கு மருந்து எடையை வெச்சுத்தான். நர்ஸ் அவசரத்துல எடையைப் போடாம விட்டா, எங்க பழைய புரோகிராம் அதுபாட்டுக்குப் பெரியவங்க எடையை எடுத்துக்கும். ஒரு தடவை மருந்து ஊசிக்குள்ளயே ஏறிடுச்சு. ‘என்ன இவ்வளவு இருக்கு’ன்னு அந்த நர்ஸுக்கு ஒரு சந்தேகம். அதனால ஒரு குழந்தை பிழைச்சுது. அப்புறம்தான் நான் ராப்பகலா உட்கார்ந்து அதை மாத்தினேன். எந்தப் புத்தகத்துலயும் கிடையாது அது.

— ம்.

— கேளுங்க. எடையைப் போடாம விட்டுப் பார்த்தாங்க. அது நின்னுடுச்சுங்க. கம்முனு நின்னுடுச்சு. கூடவே ஒரு வரி வேற எழுதிக் காட்டுது. மேனேஜர் சத்தமாப் படிச்சார். ‘எடை தெரியாத குழந்தையைப் பெரிய ஆளா நினைச்சுடாதே. நில்லு. கேளு.’ எல்லாரும் கைதட்டினாங்க. என் வாய்க்குள்ள யாரோ கையை விட்டு வார்த்தையை எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனா நானும் கைதட்டினேன்.

— அந்த வரி இங்கிலீஷ்ல இருந்துச்சா? ‘நில்லு’ தனியா, ‘கேளு’ தனியா?

— ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அது நான் எழுதினதும்மா.

— என்ன உளர்றீங்க?

— எனக்கு வர்ற வேலையே அதுதானே. ஒரு கேள்விக்கு ஏஐ ரெண்டு பதில் எழுதும். எது தேவலை, எங்க தப்புன்னு நான் திருத்தி அனுப்பணும். யாருக்குன்னு சொல்ல மாட்டாங்க. கம்பெனி பேரு கிடையாது, ஒண்ணும் கிடையாது. முன்னாடி சம்பளம் வாங்கினேன், இப்போ பதிலுக்கு இவ்வளவுன்னு கூலி. கொஞ்ச நாள் முன்னாடி குழந்தை மருந்து வந்துச்சு. ரெண்டு பதிலுமே எடை இருக்கான்னு பார்க்கலை. உடனே உன் பேச்சு ஞாபகம் வந்துச்சு. நீ சொன்னதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதிப் போட்டேன். ரொம்ப நல்ல திருத்தம்னு பாராட்டுகூட வந்துச்சு.

— என்கிட்டச் சொல்லவே இல்லையே நீங்க.

— அன்னிக்கு நீ பாப்பா வீட்டுப்பாடத்தோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தே. அப்புறம் மறந்துட்டேன்.

— மறந்துட்டீங்க.

— சத்தியமா தெரியாதும்மா, உங்க ஆபீஸுக்குத்தான் போகுதுன்னு.

— நான் ஆசை ஆசையா வந்து சொன்னதை எடுத்து எனக்கே... இனிமே உங்ககிட்ட ஆபீஸ் பேச்சு ஒரு வார்த்தை பேசினா என்னைச் செருப்பால அடிங்க.

— இனிமே ஆபீஸே இல்லையேம்மா.

— விளையாடாதீங்க.

— விளையாடலை. இரு, இப்பவே எழுதிப் போட்டுடறேன், இந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம்னு.

— போட்டுட்டு?

— வண்டி ஓட்டறேன். மூட்டை தூக்கறேன்.

— உங்க முதுகுக்கு மூட்டை ஒண்ணுதான் குறைச்சல். சும்மா இருங்க.

— உன் முகத்தைப் பார்க்க முடியலைம்மா.

— அன்னிக்குப் பிழைச்ச அந்தக் குழந்தையோட அம்மாவை நான் பார்த்திருக்கேங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரிச்சப்போ அந்தப் பொம்பளை எங்க கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. இனிமே எத்தனையோ ஆஸ்பத்திரில அது நின்னு கேட்கும், இல்லையா?

— கேட்கும்.

— நல்லதுதானே?

— நல்லதுதான்.

— நல்லதுன்னு புத்திக்குத் தெரியுது. வயித்தெரிச்சல்தான் அடங்க மாட்டேங்குது.

— அழுதுடு. உள்ளே வெச்சுக்காதே.

— முகம் வீங்கிப் போய் ஸ்கூல் வாசல்ல நிக்கச் சொல்றீங்களா? இன்னிக்குப் பாப்பாவைக் கூப்பிட நான் போறேன். ‘ஐ, அம்மா’ன்னு குதிப்பா. நாளைக்கும் போனா ஏன்னு கேட்பா.

— கேட்டா ரெண்டு பேருமாச் சொல்லிக்கலாம்.

— அது என்ன, உங்க ஸ்கிரீன்ல?

— அது கிடக்கட்டும். அடுத்த வேலை. கிட்னி கெட்டுப் போனவங்களுக்கு மருந்தை எவ்வளவு குறைக்கணும்னு கேட்டிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். மூடிடறேன், இரு.

— எது சரின்னு தெரியுதா உங்களுக்கு?

— எனக்கு எங்க தெரியும்? ரெண்டுமே சரின்னுதான் தோணுது.

— தள்ளி உட்காருங்க. ரெண்டுமே தப்பு.